கருத்துக் கேட்பு

எங்கள் நகராட்சிக்கு நாற்பத்தோரு வாய்கள்.
எல்லாம் கம்பத்தின் உச்சியில்,
திசைக்கொன்றாய்த் திருப்பி வைத்த தகரப் புனல்கள்.
அத்தனைக்கும் சேர்த்துத் தொண்டை ஒன்றுதான்.
பொதுப்பிரிவு, இரண்டாம் மாடி,
நகல் இயந்திரத்துக்குப் பின்னால் கண்ணாடி அறையில்
நான்.

மினாசே மூன்று பள்ளத்தாக்குகளின் ஊர்.
ஒரு சொல்லைச் சொன்னால்
மலை அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை
அடுத்த சொல்லை வாயில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.
"இது — நகராட்சி — அலுவலகம்.
பள்ளிக்குப் — பின்னால் — கரடி — தென்பட்டது."
அவசரப்பட்டால்
கரடி நசுங்கிவிடும்,
பள்ளி மட்டும் தென்படும்.

புகார்க் கோப்பில் இரண்டு கடிதங்கள், ஒரே தேதி.
பதினேழாம் கம்பத்தடியில் குடியிருக்கும்
செவிலி குனிகாதா,
இரவுப்பணி முடித்து முதல் பேருந்தில் வந்து படுப்பவர்:
சத்தம் தாங்கவில்லை.
மேல்பள்ளத்தில் வெங்காயத்தாள் பயிரிடும் உசுபா:
ஒன்றுமே கேட்பதில்லை.
இரண்டுக்கும் "பெறப்பட்டது" முத்திரை குத்தினேன்.

இலையுதிர்காலத்தில் ஆறு பேருந்து நிறுத்தங்களை
எடுத்துவிடலாம் என்று ஒரு திட்டம்.
சட்டப்படி மக்களைக் கேட்க வேண்டும்.
"கருத்துகள் — முப்பது நாள்வரை —
வரவேற்கப்படுகின்றன" என்றேன்
காலையும் மாலையும், ஐந்து மணிப் பாட்டுக்கு முன்பும்.
கீழ்த்தளத்தில் பூட்டிய பெட்டி.
பக்கத்தில் படிவம், நூல் கட்டிய பேனா.
சம்மதம், சம்மதமில்லை, இரண்டுமில்லை:
மூன்று கட்டங்கள்.

முப்பதாம் நாள் திறந்தோம்.
ஒரு கராமெல் மிட்டாய்த் தாள்.
பல் மருத்துவரின் சந்திப்புச் சீட்டு ஒன்று.
தாளைக் குப்பைக்கூடையில் போட்டேன்.
சீட்டை, யாரோ தொலைத்தது என்று, இழுப்பறையில் வைத்தேன்.
மேலாளர் தகாத்சுஜி கோப்பில் எழுதினார்:
"கருத்து கேட்கப்பட்டது. கருத்து ஏதுமில்லை."
சிவப்பு மை காய ஊதிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

சீட்டில் உசுபாவின் பெயர் இருந்தது.
புதன்கிழமை எடுத்துக்கொண்டு போனேன்.
சேற்றுக்கையை நீட்டவில்லை அவர்.
"தொலைக்கவில்லையே. போட்டேன்."
"பெட்டியிலா?"
"பெட்டியில்தான். தேதியைப் பாருங்கள்."
வியாழன், ஒன்பது மணி.
"எட்டு பத்துக்கு இங்கே பேருந்து.
எட்டு ஐம்பதுக்குப் பல் மருத்துவர் வாசல்.
இதை எழுத உங்கள் படிவத்தில் கட்டம் எங்கே?"

கோபமில்லை அவருக்கு.
கடையில் மீதிச் சில்லறை கேட்பவர் குரல்.
நான்தான் நின்றேன்,
தலைக்கு மேல் முப்பத்தெட்டாம் கம்பம்.
அப்போது பார்த்து ஒலித்தது என் பதிவுக்குரல்.
இந்தப் பள்ளத்திலிருந்து ஒருமுறை,
அடுத்ததிலிருந்து ஒருமுறை,
எங்கிருந்தென்றே தெரியாமல் இன்னொரு முறை.
மூன்று நானும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து பேசினோம்.
குடிநீரா, குறைதீர்ப்பா,
எனக்கே விளங்கவில்லை.
"தினமும் இப்படித்தான்" என்றார் உசுபா,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

இறங்கி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு:
அப்படியானால் அந்தக் கராமெல் தாள்?

ஓடினேன். கூடை காலி.
செவ்வாயும் வெள்ளியும் குப்பை எடுக்கப்படும் என்று
இந்த ஊருக்குச் சொல்பவளே நான்தான்.

அனுமதிப் படிவம் இல்லாமல் பொத்தானை அழுத்தினேன்.
"பெட்டியில் — கராமெல் தாள் — போட்டவர் —
தயவுசெய்து — மறுபடியும் — சொல்லவும்."
சொல்லவும், என்றது கிழக்கு மலை.
சொல்லவும், என்றது அதற்குப் பின்னாலிருந்த மலை.
தகாத்சுஜி கண்ணாடிக்கு வெளியே
இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

தொலைபேசி அடித்தது.
பதினேழாம் கம்பம். குனிகாதா.
தூக்கம் கலைந்த மூச்சு மட்டும் வந்தது முதலில்.
திட்டுவதற்கா, வேறெதற்கா?

"சொல்லுங்கள்" என்றேன்.
அறிவிப்புக் கையேட்டில் எங்குமில்லாத சொல்.