பதினோரு மணி வரைக்கும் அண்டா

அண்டாவைக் கொடுக்கும்போது
வெள்ளையம்மாக்கா இரண்டு நிபந்தனை வைத்தார்:
பதினோரு மணிக்கு அது அடுப்பில் ஏற வேண்டும்.
உள்ளே பெவிகால் ஒட்டக் கூடாது.

கோனாப்பட்டில் ஆறு கிடையாது.
இரண்டாம் வகுப்பில் பதினான்கு பேர்.
படகைத் தொட்டவள் ஹரிணிகா மட்டும்,
ராமேஸ்வரத்தில்,
அதுவும் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்ததை.
எனக்கு நீச்சல் தெரியாது என்பதை
அவர்களிடம் நான் சொல்லவில்லை.

கரும்பலகையில் எழுதினேன்:
மரம் மிதக்கும். இரும்பு மூழ்கும்.
சாக்பீஸ் தூள் தரையில் இறங்குவதற்குள்
நஸ்ரின் தன் எவர்சில்வர் தட்டைத் தண்ணீரில் விட்டாள்.
சோற்றுக்கு நேரமிருக்கிறது,
ஒரு சுற்றுப் போய்வரலாம் என்பதுபோல்
அது மெதுவாகக் கிளம்பியது.
"இது இரும்பு இல்லியா டீச்சர்?"

இரண்டாவது வரியை அழித்தேன்.

கருங்காலி முங்கும் என்றான் கவினேஷ்,
அவன் அப்பா யூடியூபில் பார்த்தாராம்.
பதினான்கு தலையும்
வாசலில் நின்ற தலைமையாசிரியர் கழுத்துக்குத் திரும்பின.
காரைக்குடியில் வாங்கிய மாலை,
ஆயிரத்து இருநூறு ரூபாய், சான்றிதழோடு.
சிரித்தபடியே கழற்றிக் கொடுத்தார்.

நூற்றெட்டு மணி.
நூற்றெட்டும் மிதந்தன.

சட்டைப் பைக்குள் ஈரம் பரவ
சார் அலுவலக அறைக்குப் போன பிறகு
யாரோ சமையல்கட்டிலிருந்து
உடைந்த உலக்கைத் துண்டைக் கொண்டுவந்தார்கள்.
அது விழுந்தது, அடியில் போய் உட்கார்ந்தது,
ஒரு குமிழி மட்டும் மேலே அனுப்பியது.
முதல் வரியையும் அழித்தேன்.
எழுத ஒன்றுமில்லாத கரும்பலகைக்கு முன்னால்
வகுப்பு முதல் முறையாக
என்னைக் கேட்காமல் வேலை பார்த்தது.

ஊரணிக் கரையில் எடுத்த களிமண்.
உருட்டிப் போட்டால் மூழ்கியது.
அதையே தட்டி, ஓரம் தூக்கி,
கிண்ணமாக்கி வைத்தால் நின்றது.
புளியங்கொட்டைதான் பயணிகள்.
பரோட்டாப் பொட்டலத்தின் அலுமினியத் தாளில்
நஸ்ரின் நாற்பத்தொரு பேரை ஏற்றினாள்.
நாற்பத்திரண்டாவது ஆள் ஏறியபோது
"எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினாள்,
கடைசி பஸ் கண்டக்டர் மாதிரி.

அடைக்கலராஜ் யாரோடும் சேரவில்லை.
அவன் அப்பா, பூட்டிய பெரிய வீடொன்றின் காவலாள்.
அவன் கட்டியது அந்த வீட்டை.
முகப்பு, மேல்மாடி,
தீக்குச்சித் தூண் பதினாறு,
எல்லாம் கெட்டிக் களிமண்.
வைத்த நொடியில் போய்விட்டது.
தீக்குச்சிகள் மட்டும் மேலே வந்து
ஆளுக்கொரு திசையில் மிதந்தன.
"மாடியைக் கொறச்சிருக்கலாம்டா" என்றாள் ஹரிணிகா.
அவன் அண்டாவையே பார்த்தான்.

மணி பதினொன்று.
வெள்ளையம்மாக்கா வந்துவிட்டார்,
ஒரு கையில் வாளி, ஒரு கையில் முட்டை அட்டை.
ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கினார்.
பன்னிரண்டு முட்டை அடியில் படுத்தது.
ஒன்று மேலே மிதந்தது.
"ஹே, முட்டை பாஸ்!" என்று கை தட்டினார்கள்.
அக்கா அதை மட்டும் எடுத்து
குப்பைக்குழி பக்கம் வீசினார்.
"மெதந்தா கெட்டது. கெடக்கறதுதான் திங்கிறது."

அடைக்கலராஜ் தலையைத் தூக்கினான்.
"ஏன்க்கா?"
"எனக்கென்ன தெரியும்? டீச்சரைக் கேளு."

ஓட்டுக்குள்ளே காற்று சேர்ந்துபோச்சு,
என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன்.
அவன் வாளியைப் பார்த்தான்,
நஸ்ரினின் தட்டைப் பார்த்தான்,
முழங்கை வரை அண்டாவுக்குள் விட்டு
தன் வீட்டை அள்ளி எடுத்தான்,
பாதி வீடு, பாதி சேறு.

"டீச்சர்,
நான் வளவு வைக்க மறந்துட்டேன்."

கட்டை விரலை நடுவில் வைத்து
அழுத்தத் தொடங்கினான்.

பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது:
கற்றல் விளைவு, அடைந்தது, அடையவில்லை.
அதை அப்புறம் பார்க்கலாம் என்று
அண்டாவின் அடியில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பெவிகால் இல்லைக்கா, வெறும் மண்ணுதான், என்றேன்.
வெள்ளையம்மாக்கா நம்பவில்லை.