சிவப்புக் கோட்டுக்காரிக்கு எண்ணூறு புள்ளி

தொண்ணூற்றேழில் எனக்குப் பதினைந்து பவுண்டும்
ஒரு பொட்டலம் வறுத்த மீனும் கொடுத்தார்கள்.
படகுத்துறைச் சீட்டுக் கவுன்டரில் மத்தியான இடைவேளை.
பின்சுவரில் வெள்ளைப் படுதா கட்டியிருந்தான்
கோரின் என்கிற பையன். தாடி அப்போதுதான் முளைத்திருந்தது.
"நடங்க லொரைன், சும்மா நடங்க,
பஸ் பிடிக்கப் போற மாதிரி."
நடந்தேன். சிவப்புக் கோட்டு, கையில் கூடை.
பதினோரு படம்.
பன்னிரண்டாவதுக்குத் தரையில் படுக்கச் சொன்னான்.
ஈரமாய் இருக்கிறதே என்றேன்.
அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தான்.

அவ்வளவுதான் என் பங்கு.
அதன்பிறகு உலகம் முழுக்க
யார் யாரோ என்மேல் வண்டியை ஏற்றினார்கள்.
சாவோ பாவ்லோவில், வார்சாவில்,
ஒசாகாவில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள்.
மூக்கில் ரம்பம் வைத்த கார்,
கூரையில் முள் நட்ட சவ ஊர்தி.
ஒரு நாட்டுக்குப் போன பெட்டிகளில் மட்டும்
என் ரத்தத்தைப் பச்சையாக்கிவிட்டார்களாம்,
அங்கே அரசாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

அப்போது டெரிக் இருந்தார்.
விற்ற பிரதி, ஆளுக்கு இத்தனை பந்தயம் என்று
காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டு
இடம் போதாமல் பென்சிலைக் கீழே வைத்தார்:
"எத்தனை பேர் கொன்றால் என்ன,
ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாயே."

இப்போது அந்த விளையாட்டுக்கு மறுபிறவி.
கோரினுக்கு வழுக்கை.
பழைய ஆட்கள் விடாமல் எழுதிக் கேட்டார்களாம்:
தீப்பிடிக்கும் டிராக்டர் வேண்டும், பாலம் வேண்டும்,
சிவப்புக் கோட்டுக்காரி வேண்டும்.

இந்த முறை படுதா இல்லை.
தொண்ணூறு கேமரா வட்டமாய்ச் சூழ்ந்து நிற்க
நடுவில் நான், தோலோடு ஒட்டிய கறுப்பு உடுப்பில்,
உடம்பெல்லாம் வெள்ளைக் குமிழ்.
"கத்த முடியுமா?" என்றாள் இவோனா, திரைக்குப் பின்னாலிருந்து.
எதைப் பார்த்து?
"கார் வருது."
என்ன கார்?
யோசித்தாள். அதுவரை யாரும் கேட்டதில்லை போல.
"நீல வேன்."
கத்தினேன். மூன்றாம் தடவை நன்றாக வந்தது.
அடுத்த அறையில் ஒருவன்
தர்பூசணியைச் சுத்தியலால் உடைத்து
என் விலாவுக்கு ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தான்.

"நடை சாயுதே, திருத்தட்டுமா?"
இடது முட்டி. போன மார்ச்சில் மாற்றியது, டைட்டேனியம்.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
படுக்கச் சொல்லவில்லை.
விழுவதை இனி கணக்கே பார்த்துக்கொள்ளுமாம்.

நேற்று ராத்திரி மருமகன்
பெட்டியை மாட்டிவிட்டுப் போனான்.
கொடி அசைந்ததும் மற்ற வண்டிகள்
ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறின.
நான் ஊருக்குள் திரும்பினேன்.
நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்தாள்.
எல்லோரும் சிதறி ஓட
அவள் மட்டும் சாய்ந்து சாய்ந்து.
கட்டைவிரல் அழுத்தினால் போதும்,
எண்ணூறு புள்ளி, கூடவே முப்பது வினாடி.
இங்கே நேரம் கிடைப்பது
செத்தவர்களிடமிருந்து மட்டும்தான்.

முதல் கியரில் பின்னாலேயே போனேன்.
இருபத்தெட்டு வருஷமாய் எங்கேதான் போகிறாள் இவள்?
ரொட்டிக்கடையைத் தாண்டினாள். மூடிய தபால் நிலையம்.
கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்,
எதையும் வரைந்து வைக்கவில்லை.
சந்து முடிகிற இடத்தில் சுவர்.
முகம் செங்கல்லில் புதைந்தும் நடந்துகொண்டே இருந்தாள்,
கால்கள் மட்டும் போய்க்கொண்டே.
பிறகு திரும்பினாள். வண்டியைப் பார்த்தாள்.
அந்த மூன்றாம் தடவைக் கத்தல்.

ஒன்பது வினாடி பாக்கி.
ஹாரன் எந்தப் பொத்தான் என்று
தேடிக்கொண்டிருந்தேன்.