கரையான் சான்று

நிபோங் திபாலுக்கு அப்பால், செம்பனைக்குள்,
நாற்பது பேர் முழந்தாளிட்டால் நிறைந்துவிடும்
செபஸ்தியார் சிற்றாலயம்.
நான் கும்பிட வரவில்லை.
தட்டிப் பார்க்க வந்தேன்.
கையில் திருப்புளி, டார்ச் லைட், கம்பெனிப் படிவம்.

"நூத்தி முப்பது வயசு" என்றார் ஃபிலோமினா,
தபால் நிலையத்தில் அரைநாள் லீவு போட்டுச்
சாவியோடு வந்தவர்.
கரும்புத் தோட்டக் காலத்தில் கட்டியது.
கிரியான் ஆற்றுப் படகில் வந்த செங்கல்,
சுண்ணாம்புக்குச் சுட்ட கிளிஞ்சல்.
மணி மட்டும் ஏதோ கப்பலுடையது;
பெயரில் மூன்றெழுத்து தேய்ந்துவிட்டது.
செபஸ்தியாருக்கு ஐந்து அம்புகள்.
ஜப்பான்காரன் காலத்தில் இரண்டு காணாமல்போய்க்
குடைக்கம்பி செருகியிருக்கிறார்கள்.

கூரைச் சட்டம்: திடம்.
பாவசங்கீர்த்தனப் பெட்டி: அடிப்பலகை உளுத்திருக்கிறது,
காது வைக்கும் வலை நன்றாக இருக்கிறது.

தரையில்தான் நின்றுவிட்டேன்.
முகப்பிலிருந்து பீடம்வரை, நட்டநடுவில்,
சிமெண்டு அடைத்த ஒன்பது குழிகள்.
இந்தப் பக்கம் ஒரு வாசல்,
அந்தப் பக்கம் ஒரு வாசல்.
"காத்தோட்டத்துக்கு" என்றார் ஃபிலோமினா.
தலையாட்டினேன்.
எங்கள் மாரியம்மன் கோயிலிலும் ஒரு காலத்தில்
காற்று ஆள் பார்த்துத்தான் வீசியது.

அலமாரியில் கணக்குப் புத்தகம்.
முப்பத்தொன்றாம் வருடம், தவக்காலம்:
"நடுக் கிராதியைக் கரையான் அரித்துவிட்டபடியால்
அப்புறப்படுத்தினோம். செலவு இல்லை.
உபதேசியார் ஞானாதிக்கம்."

பீடத்தடியில் ஒரு முளை மிச்சம்.
சுண்ணாம்பைச் சுரண்டினேன்.
செங்கால் மரம்.
பதினாறு வருடத் தொழிலில்
செங்காலின் வைரத்தைத் தின்ற கரையானை
நான் கண்டதில்லை.
அரிப்பு இல்லை, மண்கோடு இல்லை.
ரம்பத்தின் பல் இருந்தது.
இடமிருந்து ஓர் அறுப்பு, வலமிருந்து ஓர் அறுப்பு,
நடுவில் அரை விரற்கடை தவறிச் சந்தித்திருந்தன.
ஒரே ஆள் களைத்துப் பக்கம் மாறியிருக்கலாம்.
இரண்டு ஆளாகவும் இருக்கலாம்.
செங்காலை அறுத்தால் ராத்திரி முழுக்கக் கத்தும்.
தோட்டத்தில் ஒருவருக்குமா கேட்கவில்லை?

"பழைய சேதம் ஏதும் உண்டா?"
ஃபிலோமினா என் தோளுக்கு மேலிருந்து கேட்டார்.
படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

நடுக் கிராதி, முழுச் சேதம்.
காரணம்: கரையான்.
கையெழுத்துப் போட்டேன்,
கம்பெனி முத்திரையும் குத்தினேன்.

பிறகு பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு மட்டும்
மருந்து அடித்துவிட்டுக் கிளம்பினேன்.