குல்லா

பதினோரு வருடம் காப்புறுதி விற்றேன்.
"நல்லாக் குல்லா போடுறே" என்பார்
மேலாளர் செங்குட்டுவன்,
பாராட்டாகத்தான்.

இப்போது நிஜமாகவே போடுகிறேன்.
புக்கிட் மேரா, ஒன்பதாம் மாடி.
இட்லிப் பானை ஆவியில்
வாழைநார்த் துணி கிறங்கி இளகும்.
சூடு ஆறுமுன் மரத்தலையில் இழுத்துப் பூட்டி
சுற்றிலும் ஊசி.
விரல்நுனி வேகும்.
இந்த ஊர்க் காற்றில் எதுவும் சட்டென்று காயாது;
மழை பிடித்துக்கொண்டால்
விளிம்பு தொங்கிப்போகும்,
திரும்பவும் பானை, திரும்பவும் ஆவி,
இரவு இரண்டு மணி,
எனக்குப் பசிக்கவேயில்லை.

பூவோடு சேர்ந்தால்தான் நார் மணக்குமாம்.
என் மேசையில் நாரே பூ.
மணம் மட்டும் பசை.

அந்த மாத வருமானம் ஒரு தொப்பி.
வாங்கியவர் சியூ லான்,
சந்தையில் மீன் வெட்டுபவர்.
எங்கே போட்டுக்கொள்வீர்கள் என்றேன்.
தெரியாது என்றார்.
போட்டபடியே மின்தூக்கிக்குள் போனார்.

தாழ்வாரத்தில் நூல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஒன்று வரை இறங்கிய எண்
மறுபடி ஏறியது.
கதவு திறந்தது.
சியூ லான்,
முதுகை எனக்குக் காட்டி
உள்ளே கண்ணாடியில்
விளிம்பை ஒரு விரற்கடை
சாய்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல நகர்ந்து நின்றேன்.
கதவு மூடியது.
எண் இறங்கியது.