இடாப்பு

மதுஷானி என்னும்போதே தொடங்கிவிடும்.
மதுஷானிக்கும் எனக்கும் இடையில் ஐந்து பேர்:
மேகலா, யதுஷிகா, ரஜிந்தா, ரொமிலா, லக்சினி.
பிறகு லோஜிதா.
லோஜிதா நான்தான்.
"பிரசன்ட் ரீச்சர்" என்று சொல்ல வேண்டும்,
அவ்வளவுதான்.

ய, ர, ல எல்லாம் இடையினம் என்று
சின்ன வகுப்பில் படித்தோம்.
வல்லினமுமில்லை, மெல்லினமுமில்லை.
என் காலையெல்லாம்
அந்த மூன்று எழுத்துக்குள் கிடக்கிறது.

மேகலாவில் உள்ளங்கை நனையும்.
யதுஷிகாவில் காது அடைக்கும்.
ரஜிந்தாவில், நெஞ்சுக்குள்
யாரோ கதிரை இழுக்கிற சத்தம்.
லக்சினி வாய் திறக்குமுன்னே
செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரியும்.

ஒருநாளும் செத்ததில்லை.
இரண்டு வருசமாக, பள்ளிக்கூட நாள் ஒன்று விடாமல்,
செத்ததில்லை.
அந்தக் கணக்கு நெஞ்சுக்கு ஓடாது.

"உனக்கென்னகா குறை?" என்கிறா அம்மா.
கோபமாக இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறா.
கடல் பெரியகல்லாற்றுக்குள் வந்த அன்று
தென்னையைக் கட்டிப்பிடித்து நின்றவ.
அதற்கு முதல் எத்தனையோ இரவு
மூட்டையோடு ஓடினவ.
இப்போது தலையணை பட்டதும் குறட்டை.
நான் பிறந்தது சண்டை முடிந்த வருசம்.
கடல் அதற்குப் பிறகு எல்லை தாண்டவில்லை.
என்ன சொல்ல?
இடாப்புக்குப் பயம் என்றா?

களுவாஞ்சிகுடி ஆசுபத்திரி டொக்டர்
ஏன் என்று கேட்கவில்லை.
எப்போது, எவ்வளவு நேரம், நித்திரை எப்படி
என்றுதான் கேட்டார்.
அதற்கே அழுகை வந்தது.
பதகளிப்பு என்று எழுதினார்.
சொல்லும்போதே கால் தடுக்குகிற சொல்.

அப்பா அன்றிரவு
கிளினிக் கொப்பிக்குப் பிறவுண் பேப்பரில் உறை போட்டார்.
மூலையை மடித்து, கவனமாக ஒட்டி,
மேலே தன் அழகான எழுத்தில்
புவியியல் என்று எழுதினார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் நெஞ்சு கிளம்பினால்
கண்ணில் படுகிற ஐந்தைச் சொல்லச் சொன்னார் டொக்டர்.
ஓந்தாச்சிமடப் பாலத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.
தோணி.
கொக்கு.
கொண்டக்டரின் காதில் செருகிய பேனை.
நாலாவதைத் தேடும்போது
பாலம் முடிந்துவிடும்.

போன செவ்வாய் குரல் வரவில்லை.
வாய் திறந்தது. காற்றுக்கூட வரவில்லை.
கையை உயர்த்தினேன், மேசை உயரத்துக்கு.
ரீச்சர் இடாப்பை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை.
"லோஜிதா?"
"லோஜிதா வரல்லயா?"
சிவப்புப் பேனை ஒரு சுற்றுச் சுற்றியது.

என்ன சுகம்!
இரண்டு பாடம் முழுக்க நான் அங்கே இல்லை.
வராத பிள்ளைக்கு நெஞ்சு இடிக்காது.
வராத பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.
யன்னல் கம்பியில் ஒரு காகம்
யாரோ எறிந்த பாண்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
நானும் ஆறுதலாக அதைப் பார்த்தேன்.
இல்லாமல் இருப்பது இவ்வளவு லேசா
என்று நினைத்தேன்.

அப்போதுதான் பயந்தேன்.
இது வேறு பயம்.
இதற்குக் காரணம் இருந்தது.

இடைவேளை மணி அடித்ததும்
ரீச்சரின் மேசைக்கு நடந்தேன்.
பதினாறு அடி. எண்ணினேன்.
குரல் இன்னும் வரவில்லை.
இடாப்பில் என் பெயரில் விரலை வைத்தேன்.
விரல் ஆடியது, அது ஆடட்டும்.
"இஞ்சயா இருந்த?
வாயத் துறந்து சொல்லப்படாதா மகள்?"

சிவப்பு மை காய்ந்துவிட்டது, அழியாது.
ரீச்சர் நீலப் பேனை எடுத்து
சைபருக்கு நடுவால் ஒரு கோடு இழுத்தா.
பூச்சியத்துக்குள்ளே
கொஞ்சம் சரிந்தபடி
ஒன்று.

பக்கத்துக் கட்டம் புதன்.
அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.