மரை பொருந்தாத இரவு

ஆந்தாய் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒன்பது வீட்டுவண்டிகள், ஒரு தண்ணீர்க் குழாய்.
எட்டில் வெளிச்சம்.
ஒன்பதாவது எங்களுடையது.

காஸ் முடிந்தது எட்டே காலுக்கு,
பருப்பு அரை அவியலாய் இருக்கையில்.
ஹாகனில் வாங்கிய சாம்பல்நிறச் சிலிண்டர்;
இங்கே விற்பதன் கழுத்தில்
எங்கள் குழாய் ஏறாது.
இவர் இப்பக்கம் திருகினார், அப்பக்கம் திருகினார்,
டோர்ச்சை என்னிடம் தந்து
"ஆட்டாமல் பிடி" என்றார்.
குளிர் ஆட்டியதற்கு நான் என்ன செய்ய?

எல்லைகளை எடுத்துவிட்டார்களாம்.
பெல்ஜியம் முடிந்ததைத்
தொலைபேசி சொல்லித்தான் அறிந்தோம்.
காசும் ஒரே காசு.
இந்தப் பித்தளை மரைக்கு மட்டும்
இன்னும் நாடு இருக்கிறது.

பக்கத்து வண்டி எல்கே வந்தாள்,
தை பிறந்தால் அல்மேரியா போகும் பிரேமன்காரி,
போர்வைக்கு மேல் மழைக்கோட்டு.
அவளுடைய பிஸ்கட் தகரத்தில் நாலு பித்தளைத் துண்டுகள்:
ஸ்பெயினுக்கு ஒன்று, போர்த்துக்கலுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று,
மற்றது எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது.
பிரான்சுக்குரியதைப் போன வருஷம்
யாருக்கோ இரவல் கொடுத்தாளாம்.
"ஒரு பாலம்தானே, நாளைக்கு அக்கரையில் வாங்கலாம்."

அக்கரை.
கண்ணாடியைத் துடைத்தால் தெரிந்தது.
ஆற்றுக்கு அப்பால் மஞ்சள் விளக்குகள்,
தண்ணீரில் இறங்குவதுபோல்
தரையில் இறங்கிய ஒரு சின்ன விமானம்.
வலென்சியாவில் இந்த மாதம்
தோடம்பழம் மரத்திலேயே கிடக்குமென்று
வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"திரும்பிப் போவம்."
சொன்னது இவர்.
முப்பத்திரண்டு வருஷம்
ஆஸ்பத்திரித் துணிகளை வானில் ஏற்றி இறக்கியவர்,
ஓய்வூதியக் கடிதம் வந்த கிழமையே
இந்த ஏழு மீட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவர்.
வாங்கும்போது என்னைக் கேட்கவில்லை.
திரும்புவதற்குக் கேட்கிறார்.

பதில் சொல்லாமல்
பருப்பில் பாணைத் தோய்த்துத் தின்றேன். நறுக்கென்றது.
இருந்த எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு படுத்தோம்,
காலுக்குக் குளியல் துவாய்.
கோபம் கோபம்தான்;
குளிருக்கு முதுகு முதுகைத் தேடும்.

நடுச்சாமத்தில், என்னிடமோ கூரையிடமோ:
"தொண்ணூறில இப்பிடித்தான் ஒரு லொறி.
தக்காளிப் பெட்டிக்குக் கீழ ஆறு பேர்.
எல்லை வந்தா எஞ்சினை நிப்பாட்டிப்போடுவான்.
அந்தச் சத்தமில்லாமை இருக்கே..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.
மூன்று இரவும் நன்றாய்த் தூங்கியவர்தான்.
ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

ஆறரைக்கு எழும்பி
அவருடைய ஜாக்கெட்டில் சாவியை எடுத்தேன்.
லைசென்ஸ் என்னிடமும் இருக்கிறது.
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஃபோர்ட் ஓட்டித் தேய்த்திருக்கிறேன்.
இந்த ஸ்டியரிங்கை இவர் தந்ததில்லை,
"பின்பக்கம் நீளம், உனக்குத் தெரியாது."
தெரியாதுதான்.
கண்ணாடிகளை என் உயரத்துக்குத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது.
அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கத் தொடங்கின.
"முன்னுக்கு வந்து இருங்கோ, பெல்ட் போடவேணும்."
"ஒருக்காப் படுத்தபடிதான் எல்லை கடந்தனான்,
ஒருத்தனும் துண்டு எழுதேல்லை."
சிரித்தாரோ, இருமினாரோ.
வந்தார். பெல்ட்டும் போட்டார்.
றோட்டைப் பார்க்காமல்
கிளட்சில் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கியர்.
எங்கோ கீச்சுக்கீச்சென்று ஒரு சத்தம்.
வண்டியின் விலாவில் யாரோ அடித்தார்கள்.
எல்கே, அதே போர்வை, வாயில் பல்துலக்கும் பிரஷ்,
கையால் கீழே காட்டுகிறாள்:
படி. உள்ளே இழுக்காத படி
பிரான்ஸ் சேற்றுக்கு ஒரு சாண் மேலே
நீட்டிக்கொண்டிருந்தது.

எந்தப் பொத்தானென்று நான் கேட்கவில்லை.
அவரும் வாய் திறக்கவில்லை.
மூன்றாவதாக அமத்தியதுதான் சரி.