நிறுவை

நாலாவதும் கிடாய்.
கைவிளக்கைத் தூக்கிப் பார்த்த சிவகடாட்சம்
ஒன்றும் சொல்லாமல் வேலியடிக்குப் போய்
பீடி பற்றவைத்தார்.

மாரி வந்தால் கொட்டில் காணாது.
முந்தின மூன்றும் இப்பவே
மறிகளை இடித்துத் தள்ளி
தவிட்டு வாளிக்குள் தலையோடு நிற்குதுகள்.

கிண்ணியா அசனார் போனில் சொன்னார்:
உயிரோடென்றால் கிலோ ஆயிரத்து நூறு.
வெட்டிப் பங்கு போட்டால் கூடத்தான் வரும்.
ஆனால் சம்பூரில் பாதிப்பேர்
வெள்ளாமை வெட்டினதும் தாறம் என்பார்கள்.
தலையை மச்சாள் கேட்பாள்.

மருத்துவமாதிடம் இரவல் வாங்கிய தராசில்
கிடாயை அணைத்தபடி ஏறினேன்: அறுபத்தொன்று.
இறக்கிவிட்டு ஏறினேன்: நாற்பத்துமூன்று.
என்னைக் கழியுங்கோ என்றேன்.
சிவகடாட்சம் கழித்து
பதினெட்டைக் கொப்பியில் எழுதினார்.
நாற்பத்துமூன்றை எழுத
அதில் கட்டம் இல்லை.

இரண்டு, லொறியில் போயின.
வெள்ளைக்காதன் மட்டும்
தராசின் கண்ணாடியில் புழுக்கை போட்டுவிட்டு
லொறி போன பக்கம் பார்க்காமல்
வேலிக் கிளுவையைக் கடிக்கிறான்.

ஞாயிறுக்கு இன்னும் மூன்று நாள்.
கத்தி மச்சாள் வீட்டில் கிடக்கிறது.
நான் இன்னும் கேட்டனுப்பவில்லை.